முள்ளுக் கத்தரிக்காயும் ஸ்பானிஷும்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையில் ஆறு கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். முதல் மாதம் புத்தகம், பலகை, மனப்பாடம் என்றே ஓடியது. ‘மே குஸ்தா’வுக்கு ‘ஐ லைக்’ என்று எழுதிப் போட்டேன். அதுதான் தப்பு. எல்லாரும் ‘நான்’ என்ற ‘யோ’வை முன்னால் ஒட்டி, ‘யோ குஸ்தோ’ என்றார்கள்.

சரி, படம், வீடியோ, ஒலி எல்லாம் சேர்ப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அடியில் ஆங்கில எழுத்து ஓடியதும் ஆறு ஜோடிக் கண்களும் அதிலேயே! காதில் ஒன்றும் விழவில்லை.

அப்புறம் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கி வந்து மேசையில் கொட்டினேன். ஸ்பானிஷில் பொருள்களின் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. பெயருக்கு முன்னால் ஆண்பாலுக்கான ‘எல்’ வந்தால் நீல ஸ்டிக்கர், பெண்பாலுக்கான ‘லா’ வந்தால் சிவப்பு. தொட்டு, பெயர் சொல்லி, ஒட்ட வேண்டும். தக்காளி ‘எல் தொமாதே’, வெங்காயம் ‘லா செபோயா’. மாங்காய் ‘எல் மாங்கோ’. இது நம் பக்கத்துச் சொல்தான், போர்த்துக்கீசியர் வழியாக அங்கே போனது என்றதும் ஒருத்தன், “நம்ம ஊர் சொல்லுக்கு ஏன் ஆம்பளை ஸ்டிக்கர்?” என்றான். பதில் இல்லை.

‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. அதையே, நம் ‘பெற்றோர்’ என்பதில் வரும் ‘ற்ற’ மாதிரி இல்லாமல், றகரத்தை நன்றாக உருட்டி ‘பெர்ரோ’ என்றால் நாய். நமக்கு ர, ற இரண்டும் எழுத்தில் உண்டு, பேச்சில் ஒன்றாக்கிவிட்டோம். ஆட்டோ ஸ்டார்ட் பண்ணுவது போல ‘ட்ர்ர்ர்’ என்று பழக்கி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னேன். கேட்பவர்கள் நாய் என்று தோன்றினால் குரைக்க வேண்டும். என் பதிவுக்கே இருவர் குரைக்கவில்லை.

‘மே குஸ்தா’ தெளிந்தது கத்தரிக்காயால். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய், ‘லா பெரென்ஹேனா’. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்போன பெண்ணுக்குக் காம்பு முள் குத்திவிட்டது. “விரல் வலிக்குது மேடம்!”

யாருக்கு என்றேன். “எனக்குத்தான்!”

அந்த ‘எனக்கு’தான் ‘மே’ என்றேன். எனக்கு வலிக்கிறது, ‘மே துவேலே’. எனக்குப் பிடிக்கும், ‘மே குஸ்தா’. இரண்டிலும் ‘நான்’ கிடையாது. பிடித்த பொருள் பன்மையானால் ‘குஸ்தான்’ ஆகும். அங்கே மட்டும் தமிழ் கைகொடுக்காது. ‘யோ குஸ்தோ’ அன்றோடு போனது.

அவள் விரலைப் பிடித்துக்கொண்டே, “மே துவேலே எல் தேதோ” என்றாள். ‘எல்’ ஆயிற்றே; ஒரு நீல ஸ்டிக்கரை உரித்து விரலிலேயே ஒட்டிக்கொண்டாள்.