ஐந்து நிமிடப் பேச்சு: சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு

19 அக்டோபர் 2024, சனி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் இன்று பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினோம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், 1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்நாளை நினைவுகூரும் கூட்டத்தில் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் தமிழில் பேச வேண்டும் என்று கோயில் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மெட்ரிக் தேர்வு நெருக்கடி. ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே பேசப் போகிறார்கள்.

இவர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். எனவே தாத்தாக்களும் மாமாக்களும் பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பையன் கொண்டுவந்த தாளில், அவைத்தலைவர் தொடங்கி விருந்தினர், பெரியோர், பெற்றோர், தோழர் என வணக்கம் சொல்லி முடிக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மேடைத்தமிழின் வணக்க வரிசையில் எனக்கு வெறுப்பொன்றும் இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒன்றை அதற்கே கொடுத்துவிட்டால் கப்பல் கரைசேர்வதற்குள் மணி அடித்துவிடும்.

24 அக்டோபர், வியாழன்

காந்தியடிகள் தம் கூச்சத்தைப் பற்றிச் சுயசரிதையில் எழுதியிருக்கும் பகுதிகளை மீண்டும் படித்தேன். இங்கிலாந்தின் வென்ட்னர் நகரில் நடந்த சைவ உணவுக் கூட்டத்தில், ஒரே தாளில் தாமே எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க எழுந்தவருக்குப் பார்வை மங்கி, உடல் நடுங்க, வேறொருவர் அதை வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோதும் ஒரு கேள்விகூட வரவில்லை. அதே மனிதர் 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையுடன் நடப்பதைப் பற்றிப் பேசியதே தம் முதல் பொதுப்பேச்சு என்கிறார்.

இடையில் எந்தப் பேச்சுப் பள்ளியிலும் அவர் சேர்ந்து பயிலவில்லை. நான் புரிந்துகொண்டது இதுதான்: பிரிட்டோரியாவில் அவரிடம் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருந்தது, எதிரில் இருந்தவர்கள் அதைக் கேட்டாக வேண்டியவர்கள். கூச்சம் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் கவனம் தம்மை விட்டுக் கேட்பவர்மேல் சென்றுவிட்டது. அவர் பிறந்த அதே 1869-இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரோ, வெள்ளிநாவினர் என்று ஆங்கிலேயரே புகழ்ந்த பேச்சாளர். இந்திய அரசின் முதல் முகவராக 1927-இல் இங்கு வந்த அவர் முயற்சியில் எழுந்ததுதான் டர்பன் சாஸ்திரி கல்லூரி. பிள்ளைகளுக்கு நான் சாஸ்திரியாரை அல்ல, கூச்சக்காரரையே முதலில் காட்டப் போகிறேன்.

26 அக்டோபர், சனி

தாள்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியிருப்பது என்ன என்று பக்கத்திலிருப்பவரிடம் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தெரிந்த தமிழிலும் சொல்லச் செய்தேன். பலருக்குத் தங்கள் பேச்சின் பொருளே தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை ஒலியாக மட்டும் நெட்டுருப் போட்டிருந்தார்கள்; அதில் ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லுக்குப் போக வழியே கிடையாது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தாத்தா எழுதித் தந்ததை ஒதுக்கிவிட்டு, கப்பலில் வந்த தொழிலாளர்களின் பட்டியலிலிருந்து வீட்டார் எடுத்துவைத்திருந்த தன் முன்னோர் ஒருவரின் பதிவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டாள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், பிறகு உடலில் உள்ள அடையாளம். "ஆன்ட்டி, அவருக்கு இடது கன்னத்தில் தழும்பு இருந்திருக்கிறது, அது எப்படி வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது" என்றாள். எண், ஊர், தழும்பு, கரும்புத் தோட்டம் என்ற நான்கு சொற்களை மட்டும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அந்தப் பெண்ணின் தாத்தா பலகாரத் தட்டுடன் குறையையும் கொண்டுவந்தார். "டீச்சர், சொல்வன்மை வேண்டும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா? நான் எழுதியதில் என்ன குறை?" குறை ஒன்றுமில்லை ஐயா, அழகான தமிழ்தான் என்றேன். அதே அதிகாரத்தில், குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொற்களைப் பேச ஆசைப்படுவார்கள் என்று 649-ஆம் குறள் சொல்வதையும் பணிவாக நினைவூட்டினேன். சிரித்தார், முழுவதும் சமாதானமாகவில்லை.

2 நவம்பர், சனி

இன்று மூச்சும் மைக்கும். பயந்தவர்கள் மார்பின் மேற்பகுதியால் குறுகக் குறுக மூச்சு வாங்குவதால் வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றில்லாமல் தேய்ந்துவிடுகிறது. தமிழிலோ வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அது கேட்காவிட்டால் வந்தாரா போனாரா என்பதே தெரியாது. வயிற்றில் கைவைத்து, உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விடப் பழக்கினேன். அப்படி நீளமாக விடும்போது நெஞ்சுப் படபடப்பும் சற்று அடங்கும்.

மைக்கை வாய்க்கு நேரே ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு பகரமும் ஒலிபெருக்கியில் குண்டுபோல் வெடிக்கும். "கப்பல்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். ஒரு கையகலம் விலக்கி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தபோது அந்த வெடிப்பு நின்றது. மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதால் வேகமாகப் பேசினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன; கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, புரியாதபோதெல்லாம் கையுயர்த்தச் சொன்னது நல்ல பலன் தந்தது.

9 நவம்பர், சனி

ஒரு பையன் பவர்பாயின்ட் கொண்டுவந்து, திரையில் எழுதியதையே முதுகைக் காட்டிக்கொண்டு படித்தான். கப்பல் படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினோம். எல்லோரும் கைபேசியில் பதிவுசெய்து கேட்டார்கள். "வந்து, வந்து" என்ற இழுவையை அவரவர் காதே பிடித்துக்கொடுத்துவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

16 நவம்பர், சனி

கூட்டம் நடந்தது. வணக்கத்தைச் சுருக்காத பையனுக்கு நேரம் போதவில்லை. தழும்பைப் பற்றிப் பேசிய பெண், எண்ணை இலக்கம் இலக்கமாகத் தமிழில் சொல்லி நிறுத்தினாள். பிறகு பெயரைச் சொன்னாள். நடுவில் ஒரு முறை சொல் தட்டியது, அட்டையைப் பார்த்தாள், தொடர்ந்தாள். பேச்சு முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர், அவர் எந்த எஸ்டேட்டில் வேலை செய்தார் என்று கேட்டார். "எனக்குத் தெரியாது பாட்டி, பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன்" என்று பெண் தயங்காமல் பதில் சொன்னாள். மற்ற பிள்ளைகள் கேள்வி வந்ததும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும்; அடுத்த சனிக்கிழமை அதிலிருந்தே தொடங்கவிருக்கிறேன், கேள்வி கேட்கத் தாத்தாவையும் அழைத்திருக்கிறேன்.