பற்றிய வேகத்தில் அணையும் ஃபர்னஸ்

கனடாவின் ஸ்காபரோவில் மைனஸ் 18 டிகிரி இரவில்தான், வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் ஃபர்னஸுக்கு வீம்பு பிடித்தது. நிலவறைக்குப் போய் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச்செவேல் என்று பழுக்கிறது. பர்னர்களில் நீலச் சுடர் வரிசையாகப் பற்றுகிறது. சில விநாடிகளில் ‘டக்’கென்று கேஸ் வால்வு மூடிக்கொள்கிறது. மீண்டும் அதே கூத்து. கடைசியில் இயந்திரமே முயற்சியைக் கைவிட்டு விளக்கை மட்டும் சிமிட்டியது.

பற்றவே இல்லையென்றால் வேறு கதை. பற்றி அணைந்தால் முதல் சந்தேகம் சுடர் சென்சார் மீதுதான். பீங்கான் பிடி போட்ட மெல்லிய கம்பி அது. சுடரின் ஊடாகச் சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால்தான், தீ எரிகிறது என்று கட்டுப்பாட்டுப் பலகை நம்பும். கம்பியில் படலம் படிந்தால் மின்னோட்டம் குறையும். எதிரே தீ எரிந்தாலும் பலகை கேஸை நிறுத்திவிடும். எரியாத கேஸ் வீட்டில் நிறையாமல் காப்பது இந்தச் சந்தேகப் புத்திதான்.

மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தி, ஒற்றைத் திருகைக் கழற்றி, கம்பியை மெல்லிய எஃகு நாரால் பளபளக்கத் தேய்த்தேன். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறிவிடும். பீங்கானில் விரிசல் இருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். மாட்டியதும் சுடர் நின்று எரிந்தது. “பலகையையே மாற்ற வேண்டும்” என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்ன பழுதுபார்ப்பவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.