பயணம் நடுவில் அறுந்தால்: வன்னிக்கு வந்தவர்களுக்கும் வன்னியிலிருந்து போனவர்களுக்கும்

காலபோக நெல் அறுத்துக் காயவிட்டு, கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் சேரும் மாதங்கள் மாசியும் பங்குனியும். இலங்கையின் வடக்கே, வன்னியிலிருந்து இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் அப்போதுதான் போவார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் குளிருக்குத் தப்பி வந்து நிற்பதும் அதே காலம்தான். 2020இல் கொரோனா வந்து விழுந்தது சரியாக அந்த இடைவெளியில்.

நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எவ்வளவு குறுகிய வாசல் அது என்று விளங்கும். மார்ச் 11இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் தொற்று உறுதியானதும் அதையொட்டித்தான். 13ஆம் திகதி இந்தியா விசாக்களை நிறுத்தியது. 19ஆம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகள் வந்திறங்குவது நின்றது. 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. 22இல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை மறித்தது. 23ஆம் திகதி நள்ளிரவோடு சிங்கப்பூர், குறுகிய கால விசாக்காரர் தன் வழியாக மாறிப் போவதைக்கூட நிறுத்தியது. 25இல் டுபாய் வழியும் அடைபட்டது.

இதில் பலர் தவறவிட்ட ஒன்று உண்டு. இலங்கை மூடியது வருகையைத்தான், வெளியேறுவதை மூடவில்லை. "எயார்போட் பூட்டியாச்சாம்" என்ற கதையை நம்பிக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்துவிட்டவர்களுக்கு அதற்குப் பிறகும் சில நாட்கள் கதவு திறந்தே கிடந்தது. அவர்களை மறித்தது கட்டுநாயக்கா அல்ல, நடுவில் விமானம் மாறும் ஊரும் வீட்டிலிருந்து விமான நிலையம் வரைக்குமான தார் வீதியும்தான். ஆகவே இனி இப்படியொன்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இலங்கைச் செய்தி அல்ல. ரிக்கெற்றில் நடுவில் எந்த ஊர் எழுதியிருக்கிறது, அந்த ஊர் இன்று என்ன சொல்கிறது என்பதைப் பாருங்கள். அது அடைபடும் போலத் தெரிந்தால், மீதி விடுமுறையைக் கணக்குப் பார்க்காமல் திகதியை முன்னுக்கு இழுப்பதுதான் புத்தி.

ரிக்கெற்றை மாற்ற முன் இரண்டு எண்களைக் கையில் எடுங்கள். ஒன்று பிஎன்ஆர், அதாவது ஆறு எழுத்துகள் கொண்ட பயணப் பதிவு எண். மற்றது 13 இலக்க மின்ரிக்கெற் எண். அதன் முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனம் என்று சொல்லும். ஸ்ரீலங்கன் 603, கட்டார் 157, எமிரேட்ஸ் 176, எயார் கனடா 014. ரொறன்ரோவிலோ லண்டனிலோ நம்மவர் கடையில் ரிக்கெற் எடுத்தவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த முகவரின் சொந்த எண்தான். அதை வைத்து விமான நிறுவனத்துக்கு அடித்தால் "அப்படி ஒரு பதிவு இல்லை" என்பார்கள். முகவரிடம் விமான நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, வருபவர் ஒரு பிரதியும் இங்கே வீட்டுக்காரர் ஒரு பிரதியும் வைத்திருக்க வேண்டும். நான்கு பேர் ஒரே பதிவில் இருந்து இரண்டு இருக்கைதான் கிடைக்கிறது என்றால் பதிவைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

விமானத்தை நிறுவனம் இரத்துச் செய்தால் ஒரு கதை, நீங்களாக இரத்துச் செய்தால் வேறு கதை. நிறுவனம் இரத்துச் செய்தால் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமை அனேகமாக உண்டு. பதற்றத்தில் முந்திக்கொண்டு நீங்கள் இரத்துச் செய்தால் அந்த உரிமையை நீங்களே கைகழுவி விடுகிறீர்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. விமானம் பறந்து, நீங்கள் போகாமல், சொல்லாமலும் விட்டால் 'வராதவர்' என்று பதிந்து மீதிப் பயணத்தையும் வெட்டிவிடுவார்கள். புறப்படும் நேரத்துக்குச் சில மணித்தியாலம் முன்புவரை பொறுத்திருந்து, இரத்து அறிவிப்பு வரவில்லை என்றால் திகதியை மாற்றுவதுதான் நடுவழி. மின்னஞ்சலில் வரும் 'புதிய நேரத்தை ஏற்கிறேன்' பொத்தானையும் வாசிக்காமல் அழுத்த வேண்டாம். அழுத்தினால் காசு கேட்க முடியாமல் போகலாம்.

பிரித்தானியாவிலோ ஐரோப்பாவிலோ இருந்து புறப்படும் விமானம் இரத்தானால் 7 நாட்களுக்குள் காசு திரும்ப வேண்டும் என்பது சட்டம். கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனம் ஒன்றில் திரும்பிப் போகும் பகுதிக்கு அந்தச் சட்டம் இல்லை. கனடாவில் 2020இல் பலருக்குக் காசுக்குப் பதில் வவுச்சர்தான் கிடைத்தது. 2022 செப்டெம்பர் 8க்குப் பிறகு அங்கே விதி மாறிவிட்டது: நிறுவனத்தின் கையை மீறிய காரணமானாலும், 48 மணித்தியாலத்துக்குள் மாற்று விமானம் தர முடியாவிட்டால் பயணி காசைக் கேட்கலாம், 30 நாளில் கொடுக்க வேண்டும். முகவரிடம் வாங்கியிருந்தால் காசு அவருக்குத்தான் முதலில் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்தும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. புது ரிக்கெற்றுக்கு வங்கி அட்டையைப் போட்டால் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) கனடா இலக்கத்துக்குப் போகும். அந்த சிம்மைக் கழற்றி உள்ளூர் சிம் போட்டாயிற்று. பழைய சிம் சூட்கேசின் எந்த மூலையில் என்று யாருக்கும் தெரியாது. வரும்போதே ஒரு பழைய போனில் அதைப் போட்டு, ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் நிறுத்தி வையுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. புதுக்குடியிருப்புக்கு அப்பால் உள்ளே இருப்பவர்கள் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று காசு கட்ட வேண்டியிருக்கும், அதையும் முதலே பார்த்து வையுங்கள்.

இனி வீதி. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் வவுனியா, அங்கிருந்து அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கா ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சாதாரண நாளில் ஆறேழு மணித்தியால ஓட்டம். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், கம்பஹா என்று ஆறு மாவட்டங்களைத் தொடும் வழி அது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை போட்ட நாட்களில் ஒவ்வொரு எல்லையிலும் கேள்வி வரும். கடவுச்சீட்டும் அச்சடித்த ரிக்கெற்றும் பயணியைக் காக்கும், சாரதியைக் காக்காது. பயணியை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்புகிறவரிடம் காட்ட என்ன இருக்கிறது? பொலிஸில் எடுக்கும் அனுமதியில் வாகன இலக்கம், சாரதி பெயர், அடையாள அட்டை இலக்கம், போக வர இரண்டு வழியும் என்று எழுதுவித்துக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வான் பிடித்தால் அந்தக் கடிதம் வெறும் தாள்தான். வழியில் கடை இருக்காது. சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்தே போக வேண்டும், வானுக்கு எண்ணெய் முதல்நாளே அடித்திருக்க வேண்டும்.

போக முடியாமல் நின்றுவிட்டால் விசாவுக்குப் பதறத் தேவையில்லை. 2020இல் இலங்கையும் இந்தியாவும் சிக்கிய வெளிநாட்டவரின் விசாவைத் திரும்பத் திரும்ப நீட்டின. நீட்டிப்பு அறிவிப்பின் பிரதியை மட்டும் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். கனடா நிரந்தர வதிவிட அட்டைக்காரர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த அட்டை இங்கே நிற்கும்போது காலாவதியானால் திரும்பிப் போகத் தனிப் பயண ஆவணம் எடுக்க வேண்டும், அதை வழங்கும் நிலையங்களும் அந்த நேரம் பூட்டியிருக்கும்.

மருந்துதான் பெரிய விடயம். மூன்று கிழமைக்கு வருகிறவர் மூன்று மாதத்துக்குக் கொண்டு வர வேண்டும். வர்த்தகப் பெயரை அல்ல, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைத்திருங்கள்: மெற்போமின் 500, அம்லோடிப்பின் 5, லொசார்ட்டன் 50 என்று. அப்படி எழுதியிருந்தால் கிளிநொச்சி வைத்தியசாலையிலும் முல்லைத்தீவின் மாஞ்சோலை வைத்தியசாலையிலும் விளங்கும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. திறக்காத இன்சுலின் பேனா 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். குளிரூட்டியின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை உறைந்தால் உருகிய பிறகும் போடக் கூடாது, எறிய வேண்டியதுதான். திறந்த பேனா அனேகமானவை 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும். பங்குனி, சித்திரையில் வன்னி வீட்டுக்குள் அந்தச் சூடு தாண்டிவிடும். குளிரூட்டி இல்லாத வீட்டில் இரண்டு மண்பானை போதும். பெரியதற்குள் சின்னதை வைத்து, இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆற்று மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, வாயை ஈரச் சாக்கால் மூட வேண்டும். பேனாவை ஈரம் படாத டப்பாவில் போட்டு உள்ளே இறக்குங்கள். பானை இருக்க வேண்டியது காற்றோட்டமான நிழலில். சாமியறை மூலையில் வைத்தால் குளிராது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும், மாரி மழையில் பிரயோசனம் குறைவு. திறக்காத பேனாவைச் சேமிக்கும் அளவுக்கு இது ஒருபோதும் குளிராது.

இந்தியாவில் சிக்கியவருக்கு வேறொரு ஆபத்து. அங்கே போத்தலில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 அலகு. லண்டன், கனடாப் பழக்கம் 100 அலகு. ஊசியும் அதற்கேற்ப வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்குச் செம்மஞ்சள் மூடி. 40 அலகுப் போத்தலிலிருந்து 100 ஊசியால் '20' கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 அலகுதான். மாறி, 100 அலகு மருந்தை 40 ஊசியால் '20' வரை இழுத்தால் 50 அலகு ஏறும். ஆள் மயங்கி விழுவார். போத்தலில் இருக்கும் எண்ணும் ஊசியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து இந்தியா போகிறவர்கள் ரிக்கெற்றிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் தொடங்கிய சேவை, பெருந்தொற்றோடு நின்று 2022 டிசெம்பரில்தான் திரும்ப வந்தது. சென்னையிலிருந்து காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ தனி ரிக்கெற் எடுத்திருந்தால், ஒன்று இரத்தானதற்கு மற்ற நிறுவனம் பொறுப்பு எடுக்காது. சிக்கியதும் செய்ய வேண்டியது சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பெயர் பதிவது. 2020 ஏப்ரலில் வந்த மீட்பு விமானங்களில் பட்டியல்படிதான் ஏற்றினார்கள். இறங்கிய பிறகு 14 நாள் தனிமைப்படுத்தல். வவுனியா பம்பைமடுவிலும் அப்படி ஒரு நிலையம் இருந்தது. அதற்கான பை வேறாக இருக்கட்டும்: மருந்து, கிளினிக் கொப்பி, சறம் அல்லது சோட்டி மூன்று, துவாய், நீளமான வயரோடு சார்ஜர், சவர்க்காரம்.

ஊரில் விட்டுவந்த காணியும் மாடும் பற்றி ஒரு வார்த்தை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் என்று முடிவாகும் கூட்டம், நீங்கள் எங்கோ விடுதியில் அடைபட்டிருக்கும் நேரத்தில்தான் நடக்கும். உங்கள் பங்கை யார் விதைப்பது என்று எழுதிக் கையொப்பம் வைத்த கடிதம் ஒன்றைப் போகும் முன்பே கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் கொடுத்து, விதானையாருக்கும் (கிராம அலுவலருக்கும்) ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.