பழைய ஆக்டேவியா எஸ்டேட்: எதைப் பார்த்து வாங்குவது?

பிரிட்டனில் பிள்ளைகள், தள்ளுவண்டி, வாரச் சாமான் எல்லாம் ஏற வேண்டும், பட்ஜெட்டும் இறுக்கம் என்றால், 2013-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டை (பின்பக்கம் நீண்ட, பெரிய டிக்கி உள்ள கார்) தாராளமாகப் பார்க்கலாம். டிக்கி 610 லிட்டர்.

லண்டனுக்குள் ஓட்டுவதானால் டீசல் யூரோ 6 (புகை மாசுத் தரம்) ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்ட் மாசுக் கட்டணம் (யுலெஸ்). பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 2014, 2015 டீசல்களில் இரண்டு ரகமும் கலந்து கிடக்கும். பதிவு எண்ணை இணையத்தில் தட்டி எந்த ரகம் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பள்ளி, கடை என்று கிட்ட ஓட்டம்தான் என்றால் பெட்ரோலே மேல். டீசலின் புகை ஃபில்டர் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

கையைக் கடிப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சின்ன இன்ஜின்களில் வரும் 7 கியர் டிஎஸ்ஜிக்கு (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் பெருஞ்செலவு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மேட்டில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து ஏறிப் பாருங்கள். உதறினால் அந்த வண்டி வேண்டாம். 2.0 டீசல் ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் 6 கியர், ஆயிலில் நனைந்து ஓடும் ஈரக் கிளட்ச். 40,000 மைலுக்கொருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பவரிடம் விலை குறைத்துப் பேசலாம்.

ரிவர்ஸ் கேமராவைப் பிறகும் மாட்டலாம். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைச் சரிசெய்யும் அடாப்டிவ் க்ரூஸ் கம்பெனியிலேயே வந்திருந்தால் நல்லது. எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வண்டிச் சோதனை) வரலாறு அரசுத் தளத்தில் இலவசம். அதில் ஓடிய மைல் கணக்கு எங்காவது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.