'இல்லை' என்பதற்குப் பிறகு

சென்ற ஆண்டு எங்கள் நூலகத்திற்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருவர், உசாத்துணை மேசையில் அமர்ந்த இரண்டாம் நாளே, தம் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரைத் தேடி வந்த முதியவர் ஒருவரை "இல்லை, ஐயா" என்ற இரண்டே சொற்களில் அனுப்பிவிட்டார். கணினியில் தேடினார், எதுவும் வரவில்லை, ஆகவே இல்லை என்றார். அவர் கற்றபடி அது சரிதான். நான் வெளியே ஓடிச் சென்று, சைக்கிளில் ஏற இருந்தவரை மீண்டும் அழைத்து வந்தேன். மலரின் அட்டையில் 'கும்பாபிஷேக மலர்' என்றும் தலைப்புப் பக்கத்தில் 'குடமுழுக்குச் சிறப்பு மலர்' என்றும் இருந்தன. பட்டியலாக்க விதிப்படி தலைப்புப் பக்கமே முதன்மையானது என்பதால், பதிவு குடமுழுக்கு என்ற சொல்லின் கீழ் இருந்தது. வாசகரின் நினைவில் நிற்பதோ அட்டை.

அன்று மாலை அப்பிள்ளையுடன் அமர்ந்து, சிறுப்பிட்டியில் பிறந்த பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரைத் தேடச் சொன்னேன். முதலெழுத்துகள் முன்னே வந்தால் ஒரு முடிவு, பின்னே வந்தால் வேறொரு முடிவு, 'தாமோதரம் பிள்ளை' என்று இடைவெளி விட்டால் மூன்றாவது முடிவு. பெயர்களை ஒருமுகப்படுத்தாமல் பல கைகள் பல காலங்களில் பதிந்த பட்டியல் அப்படித்தான் இருக்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தூயி பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்று உறக்கத்திலும் சொல்லக்கூடிய மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு நாளில் வெளியிடப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல்களைப் பற்றிப் பாடத்திட்டத்தில் எவரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. ஆனால் ஓர் ஊரின் வம்சாவளியையும், சில வேளைகளில் அதன் வரலாற்றையும் கேட்டு வருபவருக்கு அவற்றைவிட நல்ல சான்று எளிதில் கிடைப்பதில்லை.

இந்த ஊரில் 'இல்லை' என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2000க்குப் பின் பிறந்த பயிலுநர்களுக்கு அது பாடநூல் செய்தி. மேசைக்கு முன்னால் நிற்கும் எழுபது வயதுக்காரருக்கோ தாம் அமர்ந்து வாசித்த இடம். ஆகவே, இல்லை என்று சொல்வதற்கு முன் வேறு சொற்களில் தேட வேண்டும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தில் பார்க்க வேண்டும், பல்கலைக்கழக நூலகத்தில் கேட்க வேண்டும், அதன் பிறகும் கிடைக்காவிட்டால் வாசகரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பழக்குகிறேன். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்ற, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நான்காம் விதியைப் பரீட்சையில் பிழையின்றி எழுதுபவர்கள், அவ்விதி இவ்வளவு அலைச்சலைக் கேட்கும் என்று எதிர்பார்ப்பதில்லை.

நான் பயிலுநராக இருந்த முதல் மூன்று மாதங்களும் முத்திரை குத்துவதிலும் லேபிள் ஒட்டுவதிலுமே கழிந்தன; ஏன் என்று எவரும் விளக்கவில்லை. அதனாலோ என்னவோ, இப்போது எதிர்த்திசையில் சற்று மிகைப்படுத்துகிறேன். முதல் வாரம் கணினியைத் தொட விடாமல் இறாக்கைகளைச் சுற்றி வரச் சொல்கிறேன், பிறகு மேசையில் அருகிலேயே அமர்கிறேன். விசைப்பலகையைப் பறித்து நானே தேடிக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது பலமுறை அதில் தோற்றும் இருக்கிறேன்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார். கிடைக்காத நூல்களின் பெயர், கேட்டவர், தேடிய சொற்கள் எல்லாம் அதில் உண்டு. சென்ற வாரம் அதைப் புரட்டிப் பார்த்தபோது, நான் "இல்லை" என்று சொல்லி அனுப்பிய ஒருவருடைய நூலும் அதில் இருந்தது. பக்கத்தில் 'கிடைத்தது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.