எந்த அலையை அளந்தாங்க?

கணினி அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சமூகவியல் துறைக்குப் போனேன். ஆய்வகத்தில் பிறக்கும் ஒரு எண், போனில் ஏறி ஒரு ஊருக்குள் இறங்கும்போது அந்த ஊரின் அறிவை என்ன செய்கிறது? இதைத்தான் படிக்க ஆசைப்பட்டேன். எடுத்துக்கொண்டது கடல் நிலவர முன்னறிவிப்பு. ஐதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் தினமும் கணித்துச் சொல்கிறது. அது கடலூர், புதுச்சேரிக் கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன். இந்த மாதிரி ஆய்வு செய்ய நினைக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் தடை ஆய்வுக் குழுக் கூட்டம். "இது கடல் அறிவியலா, சமூகவியலா? எந்தத் துறை?" என்று கேட்டார்கள். கோட்பாட்டை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பழைய கதையைக் கொண்டுபோனேன். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். ஊரே தப்பியது. "அந்த உயிர்களைக் காப்பாற்றியது கடல் அறிவியலா, போனா, ஒலிபெருக்கியா, ஊர்க் கட்டுப்பாடா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அதன்பிறகு துறை பற்றிய கேள்வி வரவில்லை.

அப்புறம் ஒப்புதல் படிவம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, பேட்டி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னது. ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தத் தாளை நீட்டியதும் முகங்கள் மாறிவிட்டன. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் தாளோடு வந்து கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள், எழுதியதை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. "எழுதி முடிச்சதும் எங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்பதுதான் பஞ்சாயத்தார் வைத்த ஒரே நிபந்தனை. வாய்மொழி ஒப்புதலே போதும் என்று நெறிமுறைக் குழுவுக்கு விளக்கம் எழுதி அனுமதி வாங்க இரண்டு மாதம் ஆனது. களப்பணிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆய்வு உண்மையில் தொடங்கியது ஒரு கேள்வியில். விடிகாலை நாலரை மணி. ஒரு பெரியவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, மகனுடைய போனைக் கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை உயரம் இரண்டு மீட்டர் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. கடலைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "பாப்பா, ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு. எந்த அலையை அளந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அன்று முழுக்க அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். விடை கடலியல் பாடப்புத்தகத்தில் இருந்தது. முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம் எந்த ஒரு அலையின் உயரமும் கிடையாது. வருகிற அலைகளில் பெரிதாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் உயரத்துக்குச் சராசரி பார்ப்பார்கள். இரண்டு மீட்டர் என்று சொன்னால் இடையில் ஓர் அலை கிட்டத்தட்ட நான்கு மீட்டருக்கும் எழலாம். அந்த எண் கணினி மாதிரியிலிருந்து வருகிறது, கடலில் மிதக்கும் மிதவைகளின் அளவோடு சரிபார்க்கிறார்கள். இவ்வளவும் அந்த ஒற்றை "2"-க்குள் இருக்கிறது. போனுக்கு வரும்போது "2" மட்டும் வருகிறது.

மறுநாள் போய்ச் சொன்னேன். மணலில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அது வெளிக்கடல் கணக்கு. எனக்கு அலை உடையுற இடத்தைத் தாண்டுறதுதான் கண்டம்" என்றார். உண்மைதான். துறைமுகம் இல்லாத கரையிலிருந்து இறங்கும் சிறு படகு கவிழ்வது பெரும்பாலும் அந்த ஐம்பது, நூறு அடிக்குள்தான். அந்த இடத்தின் அலை, மணல்திட்டு நகர நகர மாறும். அதை அவர் அலைகளை எண்ணி, இடைவெளி பார்த்து, நீரோட்டம் வன்னியா (வடக்கிலிருந்து வருவது) தெண்டியா (தெற்கிலிருந்து வருவது) என்று பார்த்து முடிவு செய்கிறார். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இந்த ஒரு உரையாடல்தான்.

அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் படகு வைத்திருக்கும் ஆண்கள். மீன் விற்கும் அக்காமார்களுக்குச் செய்தியே போவதில்லை. நாளை சந்தைக்குப் போகலாமா, ஐஸ் வாங்கி வைக்கலாமா என்பது அவர்களுக்கும் அலையைப் பொறுத்ததுதான். ஒலிபெருக்கி இருந்தால் வலை பின்னுகிறவர், சமைக்கிறவர், பிள்ளைகள் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழும், விழுந்ததும் தெருவிலேயே விவாதம் நடக்கும். போனில் வருவது தனித்தனியாக வந்து தனித்தனியாகவே அடங்கிவிடுகிறது. தொழில்நுட்பம் முன்னேறியபோது கேட்கிறவர்களின் வட்டம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பேட்டிகள் அறுபது மணி நேரத்துக்கு மேல் இருந்தன. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் போட்டேன். "தெண்டி" எல்லா இடத்திலும் "வண்டி" ஆகிவிட்டது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்கான சொல் மென்பொருளின் தமிழில் இல்லை. கடைசியில் கையால்தான் எழுதினேன், ஐந்து மாதம். ஆனால் அப்படி எழுதியதால்தான் சொற்கள் என் காதில் தங்கின. கடற்கரைத் தமிழில் வேலை செய்கிறவர்கள் மென்பொருளை நம்பி அட்டவணை போடாதீர்கள்.

கட்டுரை வெளியிடும் படலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல்கள் வந்தபடி இருந்தன. ஒதுக்கிவிடுங்கள். நல்ல இதழ் ஒன்றில் இரண்டு முறை திருத்தி, பதினான்கு மாதத்தில் வெளிவந்தது. தமிழில் எழுதிய கட்டுரை கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். மீனவர்கள் தமிழில் சொன்ன அறிவை ஆங்கிலத்தில் எழுதினால்தான் அறிவு என்று எண்ணுவார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வாய்மொழித் தேர்வுக்குப் பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். தேர்வாளர் அலை உயரம் பற்றிக் கேட்டபோது நான் மணலில் போட்ட அதே கோட்டைப் பலகையில் போட்டேன்.

ஆய்வேடு இப்போது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பஞ்சாயத்தாருக்குக் கொடுத்த வாக்குக்காகத் தமிழில் இருபத்துநான்கு பக்கம் எழுதி, ஒரு மாலை கோயில் முன்னால் ஒலிபெருக்கியில் வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார்கள். அலை உயரத்தை விளக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக நகல் எடுத்துத் தரச் சொன்னார்கள். அது ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கீழே யாரோ பேனாவால் "இது வெளிக்கடலுக்கு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.