குதிரை நிற்கும் மூடி: ஒரு பிக்ஸிஸ் வனைந்த அனுபவம்

கிரேக்க மண்பாண்டம் என்றால் கறுப்புப் பின்னணியில் செந்நிற வீரர்கள் நிற்கும் ஜாடிகள்தான் முன்பெல்லாம் என் நினைவுக்கு வரும். அவற்றுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஒரு வகை இருக்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸில் வனைந்த, தட்டையான, அகலமான மூடிப் பெட்டி. உடம்பு முழுக்கக் கோடும் கட்டமும்தான். மூடியின் நடுவே, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், களிமண் குதிரைகள் நிற்கும். ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் நான்குகூட. குதிரை வளர்ப்பது அந்தக் காலத்தில் வசதியான வீடுகளுக்கே கட்டுப்படியாகும். கல்லறையில் வைத்த பெட்டியின் தலையிலும் அந்தப் பெருமையை நிறுத்தியிருக்கிறார்கள்.

இதற்குப் பெயர் பிக்ஸிஸ். ஏதென்ஸின் கெரமைக்கோஸ் பகுதியில் கிடைத்தவற்றின் படங்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. கெரமைக்கோஸ் என்றாலே குயவர் பேட்டை. அதை ஒட்டியே இடுகாடும் இருந்தது. இரண்டு குதிரைகளோடு ஒன்றை நானே செய்து பார்ப்பது என்று பிப்ரவரியில் உட்கார்ந்தேன்.

மண், பக்கத்து ஊரில் பானை வனையும் பெரியவரிடம் வாங்கியது. ஏதென்ஸ் களியைப் போலவே இரும்பு மிகுந்தது. சுட்டால் நல்ல சிவப்பு வரும். 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் அடிப்பாகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வனைந்தேன். மூடியை அடுத்த புதன்கிழமை. ஈரத்தில் இரண்டும் அளவு சரியாக இருந்தன. காய்ந்த பிறகு மூடியை வைத்தால் தட்டுபோல உள்ளே போய் விழுந்தது. மூடி மண்ணில் கொஞ்சம் தண்ணீர் கூடுதல். அவ்வளவுதான், அது கூடுதலாகச் சுருங்கிவிட்டது.

எடுத்துப்போய்ப் பெரியவரிடம் காட்டினேன். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். “ஒரே நாள்ல, ஒரே உருண்டையிலிருந்து எடுக்கணும் தம்பி. மூடியைப் பாத்திரத்து மேலயே வச்சுக் காயவிடுங்க. சேர்ந்து சுருங்கினாத்தான் சேர்ந்து உக்காரும்” என்றார். இரண்டாவது முறை அப்படியே செய்தேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் செய்தித்தாள் கீற்று ஒன்று. மேலே பாலித்தீன் போட்டு, பன்னிரண்டு நாள் நிழலிலேயே வைத்தேன். மூடி அசையாமல் உட்கார்ந்தது.

விளிம்பிலும் மூடியிலும் எதிரெதிராக இரண்டிரண்டு துளைகள் போட்டேன். பழைய பெட்டிகளிலும் இந்தத் துளைகள் உண்டு. நூல் கோத்து மூடியைக் கட்டிவைக்க.

குதிரைகளுக்கு மட்டும் மூன்று வாரம் போயிற்று. அந்தக் காலத்துக் குதிரை நிஜக் குதிரை மாதிரி இருக்காது. உடம்பு ஒல்லியான உருளை. கழுத்து மட்டும் அகலமாக, பாய்மரம்போல வளைந்து எழும்பும். முகம் ஒரு சின்னக் குழாய். முதல் தடவை, மூடி இன்னும் ஈரமாக இருந்தபோதே அவசரப்பட்டு நிறுத்திவிட்டேன். பாரம் தாங்காமல் மூடி நடுவில் குழிந்தது. ஈரமாக இருந்ததால் குதிரைகளை எடுத்துவிட்டு நிமிர்த்திவிட முடிந்தது. விரலால் அழுத்தினால் பதியாது, கத்தி மட்டும் இறங்கும் என்கிற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் குளம்பு படும் இடத்தை ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினேன். வாலை மூடிவரை இறக்கி ஒட்டியதில் அது ஐந்தாவது காலாகத் தாங்குகிறது.

இனிதான் நான் இந்த வேலையில் இறங்கியதற்கான காரணமே வருகிறது. பழைய பெட்டிகளின் கோடுகளில் தெரியும் அந்தக் கறுப்பு, சாயம் இல்லை. நமக்குத் தெரிந்த கண்ணாடிப் பூச்சும் இல்லை. களிமண்ணிலேயே மிக நுண்ணிய பகுதியைப் பிரித்தெடுத்துப் பூசியது. 1942இல் ஜெர்மனியில் தியோடர் ஷூமன் என்பவர் அதே கறுப்பை மறுபடி உண்டாக்கிக் காட்டினார். நான் செய்தது இப்படி: உலர்ந்த களிமண் 2 கிலோ, மழைநீர் 10 லிட்டர், சோடா உப்பு ஒரு ஸ்பூன். கலக்கி இரண்டு நாள் அசைக்காமல் வைத்தேன். கனமான மண் அடியில் தங்கிவிட, மேலே தேநீர் நிறத்தில் நின்ற தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, அகலமான தட்டில் வற்றவிட்டேன். பத்து லிட்டருக்கு ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. விரலில் தேய்த்தால் நரநரப்பே கிடையாது, வெண்ணெய்தான்.

அதைத் தொட்டு வரைவது நான் எதிர்பார்க்காத அனுபவம். பூச்சும் பாத்திரமும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. எங்கே வரைந்தோம், எங்கே விட்டோம் என்பது நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், பூசிய கோடு லேசாக மினுங்கும். அந்த மினுக்கத்தை வைத்தே அடுத்த கோடு. சுற்றளவுக்குக் காகிதக் கீற்று வெட்டி, பதினாறாக மடித்து அளவு குறித்துக்கொண்டேன். மெயாண்டர் என்கிற அந்த மடங்கிச் செல்லும் வளைவைக் கோட்டில் கட்டி, உள்ளே சாய்ந்த கோடுகளால் நிரப்ப இரண்டு ராத்திரி. ஏதென்ஸ் குயவர்களும் இப்படி அரைகுறையாகத் தெரிகிற கோட்டைத்தான் நம்பி வரைந்திருக்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் சிறிய கேஸ் சூளையில் சுட்டோம். வேலை மூன்று கட்டம். முதலில் காற்றோட்டத்தோடு சூடேற்றினால் எல்லாம் சிவக்கும். அடுத்து காற்றை அடைத்து, ஈர மரத்தூள் போட்டுப் புகையவிட்டால் எல்லாமே கறுக்கும். அந்தச் சூட்டில் நுண்மண் பூச்சு இறுகித் தன்னை மூடிக்கொள்கிறது. கடைசியில் காற்றை மறுபடி திறந்தால், நுண்துளை உள்ள வெறும் மண்ணுக்குள் அது புகுந்து மீண்டும் சிவப்பாக்கும். இறுகிய பூச்சுக்குள் காற்று நுழைய முடியாததால் பூச்சு மட்டும் கறுப்பாகவே நின்றுவிடும். ஒரே இரும்புதான், காற்றுப் பட்டால் சிவப்பு, படாவிட்டால் கறுப்பு. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளிலும் சிவப்பு இரும்பால் வந்ததுதான், கறுப்பு மட்டும் கரியால் வந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது.

முதல் சோதனைக்கு, மூடி உள்ளே விழுந்த அந்தப் பழைய ஜோடியைக் கோடு போட்டு வைத்தோம். 850 டிகிரிவரைதான் ஏற்றினோம். பூச்சு சரியாக இறுகாமல், கறுத்ததெல்லாம் திரும்பவும் சிவந்துவிட்டது. உள்ளே விழுந்துகிடந்த மூடிக்கு அடியில் மட்டும் பாத்திரம் சாம்பல் நிறம்; கடைசிக் கட்டத்தில் அங்கே காற்றுப் போகவில்லை. இது நல்ல பாடமாயிற்று. குதிரைப் பெட்டியை வைக்கும்போது மூடியைச் சுண்டைக்காய் அளவு மண் கட்டிகள் மூன்றின் மேல் தூக்கி வைத்தோம். இந்தத் தடவை 920 டிகிரி.

மறுநாள் காலை சூளையைத் திறந்தபோது, கறுப்பு கறுப்பாக இருந்தது. மேல்பக்கம் பட்டுத்துணிபோல ஒரு மினுமினுப்பு. கோடுகளுக்கு இடையில் சுத்தமான சிவப்பு. முன்பு ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துத் தேடிய மெயாண்டர், நான்கு அடி தள்ளி நின்றாலே தெரிந்தது. பாத்திரத்தின் உள்பக்கமும் சிவப்புதான். ஒரு குதிரையின் வயிற்றுக்கடியில் பூச்சு மெல்லியதாக விழுந்த இடம் மட்டும் பழுப்பு. தூரிகை அந்த இடுக்கில் சரியாகப் போகவில்லை.

நாலு துளைகளிலும் பருத்தி நூல் கோத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். குதிரையைப் பிடித்துத் தூக்கினால் பெட்டியும் சேர்ந்து வருகிறது. மீதமிருக்கும் நுண்மண் குழம்பை மூடி வைத்திருக்கிறேன். அடுத்தது நான்கு குதிரை.